துக்க வீட்டுக்குப் போன திருமண நாள் வாழ்த்து: ஒரு சேவை சங்கத்தின் நிகழ்வு ஆய்வு

எங்கள் சங்கத்தில் 2022-ல் நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். ஊர் பெயர், ஆட்கள் பெயர் கிடையாது. சம்பந்தப்பட்ட மூத்த உறுப்பினரிடம் கேட்டேன், “பேர் போடாம எழுதுங்க” என்றார். அந்த வருடம் செயலாளர் நான்தான். தவறு என் கையிலிருந்துதான் போனது. அதனால் யாரையாவது மாட்டிவிடுகிறோமோ என்ற சங்கடம் எனக்கு இல்லை.

பின்னணி

டெல்டா பக்கத்தில் ஒரு தாலுகா ஊர். ரோட்டரி இயக்கத்தைச் சேர்ந்த சங்கம், நாற்பது வருடத்துக்கு மேல் பழையது. அப்போது 43 உறுப்பினர்கள். அரிசி ஆலைக்காரர்கள், இரண்டு டாக்டர்கள், ஆடிட்டர், ஜவுளிக்கடை, நகைக்கடை, பள்ளித் தாளாளர், எல்.ஐ.சி. முகவர், அச்சகக்காரர் என்று கடைத்தெருவின் ஒரு துண்டை வெட்டி வைத்த மாதிரி இருக்கும். நான் மருந்து மொத்த வியாபாரம். இந்த நிகழ்வின் நடுவில் இருப்பவர் உரக்கடைக்காரர். 31 வருட உறுப்பினர், முன்னாள் தலைவர், வயது எழுபதைத் தாண்டியவர். அவரை இங்கே ‘ஐயா’ என்றே குறிப்பிடுகிறேன். சங்கத்திலும் அப்படித்தான் கூப்பிடுவோம்.

வியாழக்கிழமை மாலை ஏழரைக்குக் கூட்டம். தலைவர் மணி அடிப்பார், இறை வணக்கம், நான்கு வழிச் சோதனை (சொல்வதையும் செய்வதையும் சரிபார்க்க ரோட்டரியில் வைத்திருக்கும் நான்கு கேள்விகள்) வாசிப்பு, செயலாளர் அறிவிப்பு, பிறந்தநாள் திருமண நாள் வாழ்த்து, சிறப்புப் பேச்சாளர், தேசிய கீதம். அப்புறம் ஃபெலோஷிப். வெளியில் இருப்பவர்களுக்கு இந்தச் சொல் பெரிதாகத் தெரியலாம். எங்கள் ஊரில் ஃபெலோஷிப் என்றால் கூட்டம் முடிந்து உட்கார்ந்து சாப்பிடுவது, அவ்வளவுதான்.

பழைய ஏற்பாட்டில் மூன்று விஷயங்கள் இருந்தன. அவை எதற்கு இருந்தன என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

ஒன்று, பேட்ஜ் பெட்டி. உள்ளே பச்சை வெல்வெட் ஒட்டிய தேக்குப் பெட்டி. ஒவ்வொருவர் பெயர் போட்ட பேட்ஜும் வரிசையாக அதில் குத்தியிருக்கும். வாசலில் சார்ஜென்ட், அதாவது கூட்ட ஒழுங்கைக் கவனிக்கும் உறுப்பினர், அதை மேசையில் திறந்து வைத்திருப்பார். வந்தவர் தன் பேட்ஜை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டு உள்ளே போவார். எட்டு மணிக்குப் பெட்டியைப் பார்த்தால் மீதி இருக்கும் பேட்ஜ்கள்தான் அன்று வராதவர்கள். யாரும் கணக்கெடுக்க வேண்டியதில்லை, பெட்டியே சொல்லிவிடும்.

இரண்டு, புல்லட்டின். லீகல் சைஸ் தாளை மடித்து நாலு பக்கம். அச்சகக்காரர் தாள் விலை மட்டும் வாங்கிக்கொண்டு அடித்துக் கொடுத்தார். முதல் மூன்று பக்கத்தில் போன வாரக் கூட்டம், நடந்த முகாம், அடுத்த வாரப் பேச்சாளர். கடைசிப் பக்கம் ‘நம் வீட்டில்’. யார் மகளுக்கு நிச்சயதார்த்தம், யாருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை, யார் அம்மா ஆஸ்பத்திரியில் என்று நாலைந்து வரிகள் வரும். அதைத் தொகுத்தவர் எங்கள் எல்.ஐ.சி. முகவர். பிரீமியம் வசூலுக்குச் செவ்வாய்க்கிழமை கடை கடையாகப் போவார். ரசீது கொடுக்கும்போதே வீட்டு விசேஷத்தையும் விசாரித்துக்கொண்டு வருவார்.

மூன்று, மாதத்தில் ஒரு குடும்ப ஃபெலோஷிப். மனைவியர், பிள்ளைகள் எல்லாரும் வருவார்கள். ரோட்டரி வழக்கில் மனைவியரை ‘ஆன்’ என்றும் பிள்ளைகளை ‘ஆனெட்’ என்றும் சொல்வோம். ஆண்கள் முகாம் வரவு செலவு பேசிக்கொண்டிருக்க, ஊர்ச் செய்தி முழுக்க அந்தப் பக்கத்து மேசையில்தான் ஓடும்.

2017 முதல் 2022 வரை: ஒவ்வொன்றாகப் போனவை

2016-ல் சிகாகோவில் நடந்த ரோட்டரியின் சட்டமியற்றும் மன்றம் சங்கங்களுக்கு நிறைய நெகிழ்வு கொடுத்தது. வாரம் ஒரு கூட்டம் கட்டாயமில்லை, மாதம் இரண்டு போதும். வருகை விதிகளையும் சங்கமே தளர்த்திக்கொள்ளலாம். அதற்கு முன் தொடர்ந்து நாலு கூட்டத்துக்கு வராமலும், வேறு சங்கத்தில் கலந்துகொண்டு ‘மேக்கப்’ செய்யாமலும் இருந்தால் உறுப்பினர் பதவியே போகலாம் என்று விதி இருந்தது. அது வியாபாரிகளுக்குத் தொந்தரவு என்று 2017-ல் நாங்கள் வருகைப் பதிவையே விட்டுவிட்டோம். கையைத் தூக்கி ஆதரித்தவர்களில் நானும் ஒருவன். தண்டனை விதியை எடுத்ததில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. யார் வரவில்லை என்று பார்க்கிற வேலையும் அதோடு சேர்ந்து போய்விட்டது, அதைத்தான் கவனிக்கவில்லை.

2020 மார்ச் ஊரடங்கில் புல்லட்டின் நின்றது. எல்லாம் வாட்ஸ்அப் குழுவுக்கு மாறியது. செலவும் இல்லை, உடனுக்குடன் படமும் வருகிறது, இனி எதற்குத் தாள் என்றார்கள். அதற்குள் எல்.ஐ.சி. முகவரின் வாடிக்கையாளர்களும் பிரீமியத்தைப் போனிலேயே கட்டப் பழகிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமைச் சுற்றும் நின்றது. பேட்ஜ் பெட்டி கிருமி பயத்தில் ஸ்டோர் ரூமுக்குப் போனது, திரும்ப வரவில்லை.

ஊரடங்குக்குப் பிறகு கூட்டங்கள் ஒரு ஓட்டலின் மேல்மாடிக்கு மாறின. ஃபெலோஷிப்பும் மாறியது. ஒன்பது மணிக்கு மேல், ஆண்கள் மட்டும், பக்கத்து அறையில் பாட்டில். குடிப்பது அவரவர் விருப்பம், அதில் நான் நீதி சொல்ல வரவில்லை. ஆனால் குடும்ப ஃபெலோஷிப் அந்த அறைக்குள் நடக்க முடியாது அல்லவா? வருடத்துக்கு இரண்டு என்று சுருங்கி, 2021-22-ல் ஒன்றுகூட நடக்கவில்லை. எங்களிடம் இருந்த மூன்று பெண் உறுப்பினர்களும் தேசிய கீதம் முடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். ஐயாவும் அப்படித்தான். உலக அளவில் ரோட்டரிக்கு முதல் பெண் தலைவராக ஜெனிஃபர் ஜோன்ஸ் பொறுப்பேற்றது அதே 2022 ஜூலை 1-ல்தான். நாங்கள் அதற்குக் கேக் வெட்டினோம். அந்தக் கேக்கையும் பெண்கள் பார்சல்தான் வாங்கிப் போனார்கள்.

நடந்தது: ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 9 வரை

ஐயாவின் மனைவிக்கு ஜூன் கடைசியில் உடம்பு முடியாமல் போனது. மகள் பெங்களூரில் இருப்பதால் சிகிச்சைக்கு அங்கே அழைத்துப் போனார்கள். கடையைத் தம்பி மகன் பார்த்துக்கொண்டார். கடை திறந்திருந்ததால் ஐயா ஊரில் இல்லை என்பதே பலருக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 31 புதன்கிழமை, பிள்ளையார் சதுர்த்தி. அன்று காலை அந்த அம்மா இறந்துவிட்டார். தகனமும் பெங்களூரிலேயே நடந்தது.

செய்தி குழுவுக்கு வராமல் இல்லை. மதியம் 2.10-க்கு ஒரு உறுப்பினர் போட்டிருக்கிறார்: “பிபி வீட்டம்மா பெங்களூர்ல தவறிட்டாங்க. டீடெய்ல்ஸ் பிறகு.” பிபி என்றால் முன்னாள் தலைவர், பாஸ்ட் பிரசிடென்ட். எங்கள் சங்கத்தில் அப்போது பதினோரு பிபிகள் இருந்தார்கள். பெயருக்குப் பதில் இரண்டே எழுத்து. அன்று அந்தக் குழுவில் 118 செய்திகள், பெரும்பாலும் பிள்ளையார் படங்கள். அந்த வரிக்குக் கீழே நாலு பேர் கைகூப்பும் படம் போட்டிருக்கிறார்கள். அது பிள்ளையாருக்கா, இறந்தவருக்கா என்று இன்று எடுத்துப் பார்த்தாலும் சொல்ல முடியாது. போட்டவர் பயணத்தில் இருந்தார், மீதியைத் தலைவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தார். தலைவர் திருப்பதியில் இருந்தார். டீடெய்ல்ஸ் வரவேயில்லை.

பிறகு அந்த உறுப்பினர் தன் போனில் எனக்குக் காட்டினார். செய்தியைப் பார்த்தவர்கள் பட்டியலில் 29 பெயர்கள். அதில் என் பெயரும் இருந்தது, நேரம் இரவு 9.48. நான் பார்த்த நினைவே இல்லை. விரலால் தள்ளிக்கொண்டே போயிருக்கிறேன்.

செப்டம்பர் 1 வியாழன் பண்டிகைக்கு மறுநாள் என்பதால் கூட்டம் இல்லை. செப்டம்பர் 5 ஆசிரியர் தினம், ‘நேஷன் பில்டர்’ விருது விழா. ஒவ்வொரு வருடமும் ஆசிரியர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற விருது அது. ஒரு வாரம் முழுக்க அந்த வேலை, அந்தப் படங்கள். 8-ம் தேதி கூட்டத்துக்கு 21 பேர் வந்தார்கள். மௌன அஞ்சலி இல்லை. யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

9-ம் தேதி வெள்ளிக்கிழமை காலை 6.05. நடைப்பயிற்சிக்குக் கிளம்புமுன் அன்றைய வாழ்த்து அட்டையைக் குழுவில் போட்டேன். மாதத் தொடக்கத்திலேயே ஒரு இளம் உறுப்பினர் எல்லா அட்டைகளையும் செய்து கொடுத்துவிடுவார். தேதி பார்த்து அனுப்புவதுதான் என் வேலை. ஐயாவும் அந்த அம்மாவும் சேர்ந்து நிற்கும் படம், 2018 குடும்ப ஃபெலோஷிப்பில் எடுத்தது. சுற்றிலும் ரோஜா வளையம். “இனிய திருமண நாள் நல்வாழ்த்துகள். பல்லாண்டு வாழ்க.” பதினோரு மணிக்குள் 33 வாழ்த்துகள். ஆகஸ்ட் 31 அன்று கைகூப்பிய நாலு பேரில் இரண்டு பேர் இதற்கும் பூங்கொத்து போட்டிருந்தார்கள்.

11.40-க்கு ஒரு பெங்களூர் எண்ணிலிருந்து போன். ஐயாவின் மகள். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “அங்கிள், அந்தப் படத்த எடுத்துடுறீங்களா? அப்பா காலைலேர்ந்து போனையே பாத்துட்டு உக்காந்திருக்கார்” என்றார். ஏன் என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

ஒவ்வொரு வியாழனும் எழுந்து நின்று நான்கு வழிச் சோதனையை வாசிக்கிறோம். 1932-ல் ஹெர்பர்ட் டெய்லர் எழுதியது. அதில் முதல் கேள்வி, “இது உண்மையா?” என்பது. அதைக் கேட்டிருந்தாலே அட்டை போயிருக்காது.

முதல் மூன்று நாட்களின் முடிவுகள்

அட்டையை நீக்கினேன். மற்றவர்களின் வாழ்த்துகளை நீக்கும் வசதி என் போனில் அப்போது வரவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நீக்கச் சொன்னேன். மாலையில் பார்த்தால் “இந்தச் செய்தி நீக்கப்பட்டது” என்று வரிசையாக இருபது வரிகள், நடுநடுவே யாரோ நீக்க மறந்த பூங்கொத்து, கீழே “ஆழ்ந்த இரங்கல்”, அதற்கும் கீழே மறுநாள் காலை வணக்கம்.

குழுவிலேயே சங்கத்தின் சார்பில் மன்னிப்பு போட வேண்டும் என்றார் தலைவர். வேண்டாம் என்றார் மூத்த டாக்டர். எந்த இடத்தில் தவறு நடந்ததோ அதே இடத்தில் மன்னிப்பும் போட்டால் அதற்கும் 33 பேர் கைகூப்புவார்கள் என்றார். அது சரியாகப்பட்டது. முழுப் பெயர், கடை பெயர், இறந்த தேதி போட்டு மரணச் செய்தி மட்டும் கொடுத்தோம். மன்னிப்பை நேரில் போய்க் கேட்பது என்று முடிவு செய்தோம். போனில் கேட்பது எங்கள் மனபாரத்தைத்தான் இறக்கும், அவருக்கு அதனால் ஒன்றும் இல்லை.

செவ்வாய், வெள்ளியில் துக்கம் கேட்கப் போவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். சனிக்கிழமை இரவு ரயில் ஏறி ஞாயிறு காலை போய்ச் சேர்ந்தோம். தலைவர், அச்சகக்காரர், நான், என் மனைவி. மனைவியைக் கூட்டிப் போவது என் திட்டத்தில் இல்லை. “ஆம்பளைங்க மட்டும் போயி என்னத்தக் கேப்பீங்க?” என்று அவள்தான் கிளம்பினாள். ரயிலில்தான் இன்னொன்று தெரிந்தது. அந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று ஜூலையிலேயே கோயிலில் யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். “உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்னு இருந்துட்டேன்” என்றாள்.

ஐயா முதல் அரை மணி நேரம் ஆஸ்பத்திரியைப் பற்றி மட்டுமே பேசினார். என்ன மருந்து, எத்தனை நாள் ஐ.சி.யூ., எந்த டாக்டர் என்ன சொன்னார் என்று. நான் அட்டை விஷயத்தை எடுத்து மன்னிப்பு கேட்டதும் கையை அசைத்தார். “அந்த ஃபோட்டோ நல்ல ஃபோட்டோதான். எங்ககிட்டயே இல்ல” என்றார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: “முப்பத்தொரு வருஷம். நம்ம சங்கத்துல துக்கம் கேக்க நான் போகாத வீடு இல்ல. யாராச்சும் ஒருத்தர் போன் பண்ணுவீங்கன்னு பத்து நாளா பாத்தேன்.”

அதுவரை எங்கள் கண்ணில் பிரச்சினை வாழ்த்து அட்டை. அவருக்கு அந்தப் பத்து நாட்கள். இதற்குப் பின் நாங்கள் எடுத்த முடிவுகளெல்லாம் இந்த வித்தியாசத்திலிருந்து வந்தவைதான். கிளம்பும்போது மகள் அந்தப் படத்தின் அசலைக் கேட்டார். பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்து கொடுப்பதாக அச்சகக்காரர் சொன்னார்.

பதினாறாம் நாள் பந்தலில்

பதினாறாம் நாள் காரியம் சொந்த ஊரில், செப்டம்பர் 15. அதுவும் வியாழக்கிழமை. கூட்டத்தை ரத்து செய்துவிட்டு எல்லாரும் போனோம், 34 பேர் வந்திருந்தார்கள். ஆன்களும் வந்தார்கள்.

ஷாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்ததில் தெரிந்தவை: எங்கள் நகைக்கடைக்காரருக்கு ஜூலையில் ஆஞ்சியோ பண்ணியிருக்கிறார்கள், கடையில்கூடச் சொல்லவில்லை. ஒரு அரிசி ஆலையை விற்க விலை பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பெண் உறுப்பினர் சங்கத்தை விட்டு விலகக் கடிதம் எழுதி, அனுப்பாமல் கைப்பையிலேயே வைத்திருக்கிறார். குழுவில் ஒரு நாளைக்கு நூறு செய்தி ஓடுகிறது, இவற்றில் ஒன்றுகூட அதில் வந்ததில்லை.

எங்கே அறுந்தது

செப்டம்பர் கடைசியில் நிர்வாகக் குழு கூடியது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் எங்களில் உண்டு. ஒரு தாளில் கோடு போட்டு, யாருக்கு எப்போது தெரிந்தது என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதினார். ஆகஸ்ட் 31-க்கு முன்பே ஒன்பது பேருக்கு அந்த அம்மாவின் நோய் தெரிந்திருந்தது. பெங்களூருக்குப் பரிந்துரை எழுதிக் கொடுத்ததே எங்கள் டாக்டர்தான். எதிர்க்கடைக்காரருக்குத் தெரியும். மூன்று பேருக்கு மனைவி மூலம் தெரியும். ஒன்பது பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: மற்றவர்களுக்குத் தெரியும் என்று நினைத்தோம்.

அச்சுப் புல்லட்டின் நின்றதுதான் காரணம் என்று ஆரம்பத்தில் எல்லாரும் சொன்னோம். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. செய்தி தாளில் இருந்ததா போனில் இருந்ததா என்பது இரண்டாம்பட்சம். முதலில் செய்தியை யாராவது சேகரிக்க வேண்டும். அதை முகவரின் செவ்வாய்க்கிழமைச் சுற்றும், குடும்ப ஃபெலோஷிப்பும், அந்தத் தேக்குப் பெட்டியும் செய்துகொண்டிருந்தன. மூன்றும் போன பிறகு எங்களிடம் மிஞ்சியது அனுப்புகிற கருவி மட்டும்தான். அதைப் புல்லட்டினுக்கு மாற்று என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

எடுத்த முடிவுகள்

பேட்ஜ் பெட்டி மறு வாரமே வாசலுக்கு வந்தது. இதற்கு எதிர்ப்பே இல்லை. வெல்வெட்டில் பூச்சி அரித்திருந்தது, ஜவுளிக்கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார்.

இரண்டு கூட்டம் தொடர்ந்து வராதவருக்குப் போன் போக வேண்டும். ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது, எப்படி இருக்கீங்க என்று கேட்க வேண்டும். எட்டு நிர்வாகிகளுக்கு ஆளுக்கு ஐந்தாறு பேர் என்று பிரித்துக் கொடுத்தோம்.

மரணச் செய்தி குழுவில் முதலில் வரக் கூடாது. தலைவரோ செயலாளரோ வீட்டாரிடம் பேசி உறுதி செய்துகொண்டு, எட்டு பேருக்கும் போனில் சொல்ல, அவர்கள் தங்கள் ஐந்தாறு பேருக்குச் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் குழுவில். ஐம்பது வருடத்துக்கு முன் ஊரில் ஆள் விட்டுச் சொல்வார்களே, அதே முறைதான்.

வாழ்த்து அட்டைகளை முன்கூட்டியே செய்து வைப்பதை நிறுத்தினோம். முந்தின நாள் அந்த வீட்டுக்குப் பேசிவிட்டுத்தான் அட்டை. வேலை கூடியது. இளம் உறுப்பினருக்கு வருத்தம், அவர் நல்ல மனதோடு செய்து கொடுத்தது அது. அவரிடம் தனியாகப் பேசினேன்.

குழுவை இரண்டாகப் பிரித்தோம். நிர்வாகிகள் மட்டும் பதிவிடும் அறிவிப்புக் குழு ஒன்று, மற்ற அரட்டைக்கு ஒன்று.

புல்லட்டினை மறுபடி அச்சில் கொண்டுவருவதில்தான் சண்டை. செலவு பெரிதல்ல, ஆள்தான் இல்லை. கடைசியில் மாதம் இரண்டு இதழ், ஒரே தாள், பின்பக்கம் முழுக்க ‘நம் வீட்டில்’. அதற்குப் பழைய எல்.ஐ.சி. முகவரையே பிடித்தோம். “வசூல் இல்லாம சும்மா கடைக்குள்ள போனா என்ன நெனப்பாங்க?” என்று தயங்கினார். கையில் போன இதழைக் கொடுத்து அனுப்பினோம். அது கையில் இருந்தால் கடைக்குள் போக ஒரு காரணம் கிடைக்கிறது.

ஃபெலோஷிப்பைப் பற்றிய முடிவுக்கு மூன்று கூட்டங்கள் ஆயின. 1905 பிப்ரவரி 23-ல் சிகாகோவில் பால் ஹாரிஸும் மூன்று நண்பர்களும் தொடங்கியபோது முறை வைத்து ஒவ்வொருவர் அலுவலகத்தில்தான் கூடினார்கள். ரோட்டரி என்ற பெயரே அந்தச் சுற்று முறையிலிருந்து வந்ததுதான். அதையே செய்து பார்ப்போமே என்றார் வங்கி மேலாளர். மாதத்தில் ஒரு வியாழன் ஒரு உறுப்பினரின் தொழில் இடத்தில், குடும்பத்தோடு, இட்லி சாம்பார் அளவில். மது உள்ள விருந்து சங்கத்தின் பெயரிலோ கணக்கிலோ இருக்காது. வேண்டியவர்கள் தனியாகப் போய்க்கொள்ளலாம். இதற்கு ஆறு பேர் கையைத் தூக்கவில்லை. அவர்களில் இரண்டு பேர் எனக்கு நெருங்கிய நண்பர்கள், கொஞ்ச நாள் பேசவும் இல்லை.

அதன் பின் நடந்தவை

முதல் சுற்று 2022 நவம்பரில் ஒரு அரிசி ஆலையில். நெல் அவிக்கும் கொதிகலன் பக்கத்தில் நின்று பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்கு ஆலைக்காரரால் பதில் சொல்லி மாளவில்லை. இருபது வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவரின் தொழிலை நான் அன்றுதான் பார்த்தேன். கடிதத்தைக் கைப்பையில் வைத்திருந்த பெண் உறுப்பினர் அதைக் கொடுக்கவேயில்லை, இன்னும் சங்கத்தில் இருக்கிறார்.

கூட்டத்துக்கு இருபது பேர் வந்தது, அடுத்த ஆறு மாதத்தில் இருபத்தைந்து, இருபத்தெட்டு என்று ஆனது. பெரிய உயர்வு என்று சொல்ல மாட்டேன். புல்லட்டினில் வராதவர் பெயரையும் போடலாம் என்று இரண்டு இதழில் போட்டுப் பார்த்தோம். அது தப்பு. ஒருவர் அவமானமாக எடுத்துக்கொண்டு விலகியே போனார். நிறுத்திவிட்டோம். போன் பண்ணும் முறையில் எட்டு நிர்வாகிகளில் ஐந்து பேர் ஒழுங்காகச் செய்தார்கள், மற்றவர்களுடைய பட்டியலையும் அந்த ஐந்து பேரே இழுத்துப்போட்டுக்கொண்டார்கள். அறிவிப்புக் குழுவையும் பாதிப் பேர் ஓசையில்லாமல் வைத்துவிட்டார்கள்.

2023 ஏப்ரலில் ஒரு உறுப்பினரின் தாயார் காலமானார். போன் சங்கிலி ஒரு மணி நேரத்தில் சுற்றி வந்தது. ஆனால் அதே பெயரில் எங்களுக்கு இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் மாலையோடு தவறான வீட்டுக்குப் போய் நின்றுவிட்டார். கதவைத் திறந்தது அந்த இன்னொருவரின் அம்மா. மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு காபி குடித்துவிட்டு வந்தார். அன்று முதல் பெயரோடு கடை பெயரும் கட்டாயம்.

ஐயா டிசம்பரில் விலகல் கடிதம் அனுப்பினார். கோபக் கடிதம் இல்லை, வயதாகிவிட்டது என்று இரண்டு வரி. நிர்வாகக் குழு அதை ஏற்காமல் விடுப்பாக வைத்துக்கொண்டது, விதியில் அதற்கு இடம் உண்டு. 2023 பிப்ரவரியில் அச்சகத்தில் நடந்த சுற்றுக்கு வந்தார். வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வருவதில்லை, தொழில் இடத்தில் நடப்பதற்கு மட்டும் வருகிறார். வாட்ஸ்அப் குழுவில் திரும்பச் சேரவில்லை. சேருங்கள் என்று நாங்களும் கேட்கவில்லை.

இப்போது என்றால் எதை மாற்றுவேன்

ஆகஸ்ட் 31 அன்று செய்தி போட்டவர் மீது சிலர் கோபப்பட்டார்கள். அன்று ஏதாவது செய்தவர் அவர் ஒருவர்தான். அவரை முதலிலேயே ஆதரித்துப் பேசியிருக்க வேண்டும். நான் தாமதமாகத்தான் பேசினேன்.

2017-ல் விதியை எடுத்தபோது அந்த விதி வேறு என்ன வேலை செய்கிறது என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். இப்போது எந்தப் பழக்கத்தை நிறுத்துவதாக இருந்தாலும் ஒரு மாதம் தள்ளிப்போட்டு முடிவெடுக்கிறோம்.

இன்னொரு சிக்கல் தீரவில்லை. ஜூலை 1 ஆனால் தலைவர், செயலாளர் எல்லாரும் மாறிவிடுவார்கள். போன வருடம் பட்ட பாடு அடுத்த வருடத்துக்குப் போவதில்லை. 2023 ஜூனில் நான் ஒப்படைத்த கோப்பில் முதல் தாளாக மரணச் செய்தி முறையை வைத்தேன். அடுத்தவர் படித்தார். அவருக்கு அடுத்தவரிடம் நானே வாயால் சொன்னேன்.

திருமண நாள் பட்டியலில் செப்டம்பர் 9 வரியை எடுத்துவிடவா என்று ஐயாவிடம் கேட்டேன். இருக்கட்டும் என்றார். அந்த வரிக்குப் பக்கத்தில் “அட்டை வேண்டாம், போன்” என்று எழுதி வைத்திருக்கிறோம். போன வருடம் காலை எட்டு மணிக்குப் பேசினேன். கடை திறக்கும் நேரம், இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டார்.